பெண்மணிகளும் இரும்பு மட்டைகளும்

விளையாட்டு என்றால் ஒரு பந்தும் அதை அடிக்க ஒரு மட்டையும் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள், கோல்ப் ஆட்டக்காரர் ஒருவரின் தோல் பையை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றல்ல, இரண்டல்ல, 14 மட்டைகள் அதற்குள்ளே தலைகளை நீட்டிக்கொண்டிருக்கும். "ஒரே ஒரு சிறு பந்தை அடிக்கவா இத்தனை ஆயுதங்கள்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம் வீட்டுச் சமையலறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சாதத்துக்கு ஒரு கரண்டி, சாம்பாருக்கு ஒரு குழிக்கரண்டி, எண்ணெயில் பொரிப்பதை எடுக்க ஓட்டைகள் உள்ள கரண்டி, தோசைக்கு ஒரு திருப்பி என்று எத்தனை வைத்திருக்கிறோம்! தோசைத் திருப்பியால் ரசம் பரிமாற முடியுமா? கோல்ப் மட்டைகளின் சங்கதியும் அதுதான். ஒவ்வொன்றும் ஒரு தூரத்துக்கு. ஒவ்வொன்றும் ஒரு விதமான நிலைமைக்கு.

இந்த மட்டைகளில் பெரும்பான்மையானவை 'அயர்ன்' என்று சொல்லப்படும் இரும்பு மட்டைகள். ஒரு பெண்மணி தமக்கு ஏற்ற இரும்பு மட்டைகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே நாம் இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். நமது தேசத்தில் கோல்ப் இன்னும் எல்லோருக்கும் எட்டிய ஆட்டமாகிவிடவில்லை என்பது வாஸ்தவந்தான். எனினும் பெண்களும் பெண் குழந்தைகளும் இவ்வாட்டத்தைக் கற்றுக்கொள்ள முன்வருகிறார்கள். அப்படி முன்வருகிறவர்களில் பலர் முதல் சில மாதங்களிலேயே, "எனக்குக் கையில் பலம் போதாது, இந்த ஆட்டம் எனக்கு வராது" என்று தீர்மானித்து விலகிவிடுகிறார்கள். உண்மையில் குற்றம் அவர்களுடைய கையில் இல்லை. கையிலே கொடுக்கப்பட்ட மட்டையில் இருக்கிறது. இதை விளங்க வைப்பதே நமது நோக்கம்.

தோளுக்கு மேல் தூக்கலாகாது!

முதலில் சிறிது பழங்கதை. கோல்ப் ஆட்டத்தின் பிறப்பிடம் ஸ்காட்லாந்து. ஜனங்கள் வில்வித்தையை மறந்து இந்த ஆட்டத்திலேயே மூழ்கிவிடுகிறார்கள் என்று 1457-ஆம் வருஷத்தில் அந்நாட்டில் இதைத் தடுத்துச் சட்டம் செய்தார்கள். அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை. 1810-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மஸல்பரோ என்னும் ஊரின் கோல்ப் சங்கத்தார் ஒரு தீர்மானம் செய்தார்கள். அவ்வூரில் மீன் விற்கும் பெண்களுக்குள் அடுத்த புத்தாண்டு தினத்தில் சிறப்பாக ஆடுகிறவளுக்கு ஒரு மீன் கூடையும், பட்டுக் கைக்குட்டைகளும் பரிசளிப்பது என்பது அத்தீர்மானம். நாள் முழுதும் கூடை சுமந்த அந்த ஸ்திரீகளின் தோள்களுக்குப் பலம் போதாது என்று யாரும் அப்போது சொன்னதாகத் தெரியவில்லை.

பலம் போதாது, அழகாயிராது என்ற பேச்சுகளெல்லாம் பெரிய குடும்பத்துப் பெண்கள் ஆட வந்தபோதுதான் கிளம்பின. 1867-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெண்களுக்கென ஒரு கோல்ப் சங்கம் ஏற்பட்டது. ஆனால் அதில் ஆடியவர்கள் பந்தைத் தரையோடு தரையாகக் குழிக்குள் உருட்டுவதோடு நின்றார்கள். பெண்மணி ஒருத்தி மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி வீசுவது பார்ப்பதற்கு லட்சணமாயிராது என்பது அக்காலத்துக் கனவான்களின் அபிப்பிராயம். எழுபது எண்பது கெஜ தூரத்துக்கு மேல் பெண்கள் அடிக்க வேண்டியதில்லை என்று 1890-ல் வெளியான ஒரு புத்தகத்தில் ஒரு பிரபு எழுதி வைத்தார்.

மூன்றே வருஷங்களில் இதற்குப் பதில் கிடைத்தது. 1893-ல் பிரிட்டனில் பெண்கள் கோல்ப் சங்கங்களின் ஐக்கியம் நிறுவப்பட்டு, அதே வருஷம் முதல் சாம்பியன் பந்தயமும் நடைபெற்றது. மார்கரெட் ஸ்காட் சீமாட்டி அந்த வருஷமும் அதையடுத்த இரண்டு வருஷங்களும் தொடர்ந்து வெற்றி பெற்றார். தரையைத் தொடும் பாவாடையையும் இறுக்கிய இடையுடுப்பையும் அணிந்துகொண்டே அவர் மட்டையைத் தோளுக்கு மேல் தாராளமாகத் தூக்கி வீசினார். பின்னர் வந்த ஜாய்ஸ் வெதரெட், 1922-க்கும் 1929-க்கும் இடையில் நான்கு முறை பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியனாக விளங்கினார். புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ், ஆணிலும் பெண்ணிலும் இவரைப் போல் பந்தை அடிக்கிறவரைத் தாம் கண்டதில்லை என்று மனம் விட்டுப் பாராட்டினார்.

பெண்களால் ஆட முடியும் என்பது இவ்வாறு தீர்ந்துபோன விஷயம். ஆனால் பெண்களுக்கென்று மட்டை செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும் மெதுவாகவே வந்தது. நெடுங்காலம் வரையில் ஆண்களுக்குச் செய்த மட்டையையே சற்றுக் குட்டையாக அறுத்து, மேலே ஒரு அழகிய வர்ணத்தைப் பூசி, 'இது சீமாட்டிகளுக்கு' என்று விற்றுவந்தார்கள். இந்த வழக்கம் இன்றும் அடியோடு ஒழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

இரும்பு மட்டையின் அங்கங்கள்

இரும்பு மட்டைக்கு மூன்று அங்கங்கள்: கையால் பற்றும் பிடி, நடுவே நீண்ட தண்டு, கீழே பந்தை அடிக்கும் தலை. பூர்வத்தில் தண்டு 'ஹிக்கரி' என்னும் மரத்தால் ஆனது. மட்டைகளுக்கு அக்காலத்தில் எண் கிடையாது. கிளீக், மாஷி, நிப்ளிக் என்று வேடிக்கையான பெயர்கள் வழங்கின. எஃகுத் தண்டு வந்த பிறகு ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசை வரிசையாக மட்டைகள் செய்ய முடிந்தது. பெயர்கள் போய் எண்கள் வந்தன. ஆட்டக்காரர்களின் பையில் இருபதுக்கு மேற்பட்ட மட்டைகள் கூட நிறைந்துவிட்டன. சுமந்தவர்கள் என்னவோ ஆட்டக்காரர்கள் அல்ல, கூலிக்கு வந்தவர்கள்தாம்! கடைசியில் 1938-ல் அமெரிக்காவிலும் 1939-ல் பிரிட்டனிலும் 14-க்கு மேல் கூடாது என்று விதி செய்தார்கள். அந்த விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 'ஆண் மட்டை', 'பெண் மட்டை' என்ற பேதம் ஆட்டத்தின் சட்டப் புத்தகத்தில் இல்லை. அது கடைக்காரரின் அலமாரியில் மாத்திரமே உள்ளது. இதை வாசகர்கள் நன்கு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண் குறையக் குறைய மட்டை நீளும். அதன் முகம் நிமிர்ந்து நிற்கும். பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும். எண் கூடக் கூட மட்டை குட்டையாகும். முகம் வானத்தைப் பார்த்துச் சாயும். பந்து உயர எழும்பிக் குறைந்த தூரத்தில் இறங்கும். ஐந்தாம் எண்ணைக் காட்டிலும் ஒன்பதாம் எண்ணால் அடிப்பது எளிது என்று ஆரம்பக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

வேகமும் உயரமும்

ஒரு பெண்ணுக்கு வேறு விதமான மட்டை எதற்கு? இதற்கு விடை வேகத்தில் இருக்கிறது. மட்டை வீச்சையும் பந்தின் பாதையையும் அளந்து சொல்லும் 'டிராக்மான்' என்ற ராடார் கருவி ஒன்று உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரிகளை அதைச் செய்வோர் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த அட்டவணையின்படி அமெரிக்காவின் ஆண் வீரர்கள் ஏழாம் எண் இரும்பு மட்டையை மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசுகிறார்கள்; பந்து 172 கெஜம் பறக்கிறது. பெண் வீராங்கனைகளின் வேகம் 76 மைல். பந்து பறக்கும் தூரம் 141 கெஜம். உலகத்தில் மிகச் சிறந்த ஆட்டக்காரிகளின் கணக்கு இது. பொழுதுபோக்குக்காக ஆடும் நமது சகோதரிகளின் வேகம் இதற்கும் வெகுவாகக் குறைந்தே இருக்கும்.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் வேறொன்று. ஆண்களின் பந்து ஏறக்குறைய 16 டிகிரி கோணத்தில் கிளம்பி, 32 கெஜ உயரம் எழும்பி, 50 டிகிரி செங்குத்தாக இறங்குகிறது. பெண்களின் பந்தோ 19 டிகிரியில் கிளம்பியும் 26 கெஜ உயரமே எழும்புகிறது. 47 டிகிரியில் இறங்குகிறது. அதாவது, வேகம் குறைவாக உள்ளவர் அதிக மேல்நோக்குடன் அடித்தால்தான் பந்து போதிய உயரம் போகும். போதிய உயரம் போனால்தான் அது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் இறங்கி நிற்கும். தாழ்வாக வரும் பந்து தண்ணீரில் எறிந்த ஓட்டாஞ்சல்லி போல் துள்ளிக்கொண்டு அப்பால் ஓடிவிடும். ஆகவே ஒரு பெண்மணியின் இரும்பு மட்டையானது பந்தை எளிதில் மேலே எழுப்பிக் கொடுக்கிற மட்டையாக இருத்தல் அவசியம். மற்ற லட்சணங்கள் எல்லாம் இந்த ஒன்றுக்குத் துணை செய்கிறவைதாம்.

அறுத்த மட்டையின் கதை

கணவரோ சகோதரரோ புது மட்டைகள் வாங்கும்போது, பழைய வரிசையை ஓர் அங்குலம் அறுத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கம். அன்பினால் செய்யும் காரியந்தான், சிக்கனமும் கூட. ஆனால் அறுப்பதனால் என்ன நேருகிறது என்று பாருங்கள்.

முதலாவதாக, தண்டு குறைந்த அளவுக்கு அது விறைப்பாகிறது. நீண்ட மூங்கில் வளையும். அதையே துண்டாக்கினால் வளையாது. வேகம் குறைந்த வீச்சுக்கு இளக்கமான தண்டு வேண்டியிருக்க, முன்னைவிட விறைப்பான தண்டு அவள் கைக்கு வருகிறது. இரண்டாவதாக, தலைப்பக்கத்தின் கனம் கையில் உணரப்படாமல் போகிறது. மட்டை செய்கிறவர்கள் இந்தச் சமநிலையைத் தராசிட்டுப் பார்த்து, 'சி', 'டி' என்ற எழுத்துக்களால் குறிப்பார்கள். ஆண்களின் மட்டை பொதுவாக 'டி' வகுப்பிலும் பெண்களுடையது 'சி' வகுப்பிலும் இருக்கும். ஓர் அங்குலம் அறுத்தால் இந்த அளவையில் சுமார் ஆறு படிகள் இறங்கிவிடும். மூன்றாவதாக, மொத்தக் கனமோ குறைவதே இல்லை. ஆண்களின் எஃகுத் தண்டு 100 கிராம் முதல் 130 கிராம் வரை எடையுள்ளது. பெண்களுக்கென்று செய்யும் 'கிராபைட்' என்ற கரிநார்த் தண்டோ 45 முதல் 60 கிராம்தான். எஃகில் ஓர் அங்குலம் போனால் சில கிராம் குறையுமே தவிர, பாதியாகிவிடாது.

ஆகக்கூடி, கனமும் விறைப்பும் உள்ள, ஆனால் தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாத ஒரு விசித்திர ஆயுதம் அவளிடம் வந்து சேருகிறது. அதை வைத்துக்கொண்டு பந்தை எழுப்ப அவள் மணிக்கட்டால் எத்தனிக்கிறாள், முழங்கையை மடக்குகிறாள், மறுநாள் கை வலிக்கிறது. பந்து மட்டும் தரையை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்கிறது. "நமக்கு இது வராது" என்ற தீர்மானம் பிறப்பது இப்போதுதான்.

கவனிக்க வேண்டிய ஆறு விஷயங்கள்

முதலாவது, நீளம். ஆண்களின் ஏழாம் எண் மட்டை எஃகுத் தண்டுடன் சுமார் 37 அங்குலம் இருக்கும். பெண்கள் வரிசையில் அதைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைவு. ஆனால் இந்தப் 'பெண்கள் அளவு' மேல்நாட்டுப் பெண்களை, சுமார் 5 அடி 5 அங்குல உயரம் உள்ளவர்களை, உத்தேசித்துச் செய்வது. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமோ கிட்டத்தட்ட 5 அடிதான். ஆகையால் பெண்களுக்கென்று விற்கும் மட்டைகூட நம்மவர்களில் பலருக்கு அரை அங்குலமோ அதற்கு மேலோ நீளமாக இருக்கக்கூடும். உயரம் குறைந்த பெண்களுக்கென்றும் அதிக உயரமானவர்களுக்கென்றும் தனி அளவுகளில் செய்துகொடுக்கும் கம்பெனிகள் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். உயரத்தை மட்டும் சொன்னால் போதாது. காலணி அணிந்து நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரையில் அளந்து சொல்ல வேண்டும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளமாயிருக்கலாம் அல்லவா?

இரண்டாவது, தண்டு. கரிநார்த் தண்டு 1969-ஆம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் தோன்றியது. பெண்களின் இரும்பு மட்டைகளுக்கு இதைப் போல் உபகாரம் செய்தது வேறொன்றில்லை. தண்டின் இளக்கத்தை 'எல்', 'ஏ', 'ஆர்', 'எஸ்' என்று எழுத்துக்களால் குறிக்கிறார்கள். 'எல்' என்பது பெண்களுக்கு, 'ஏ' என்பது முதியவர்களுக்கு, 'ஆர்' சாதாரணம், 'எஸ்' விறைப்பு என்பது பொது வழக்கு. ஆனால் இந்த எழுத்துக்களுக்குச் சர்வதேச அளவுகோல் ஒன்றும் கிடையாது. ஒரு கம்பெனியின் 'எல்' மற்றொரு கம்பெனியின் 'ஏ'யைப் போல் இருக்கும். டென்னிஸிலோ நீச்சலிலோ தேறிய, நல்ல தேகக்கட்டுள்ள ஒரு யுவதிக்கு 'எல்' தண்டு கொடுத்தால், அது புளிய விளாறு போல் வளைந்து பந்தைக் கண்ட இடத்துக்கு அனுப்பிவிடும். அவளுக்கு 'ஏ' அல்லது 'ஆர்' பொருந்தும். பெண் என்பதற்காக 'எல்' எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தலையின் அமைப்பு. இங்கே கார்ஸ்டன் ஸோல்ஹைம் என்பவரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இந்த இஞ்சினியர், கோல்ப் ஆட்டத்தை நடுவயதில்தான் கற்றார். தாம் உருட்டிய பந்து குழிக்குள் விழாததற்குக் காரணம் மட்டையா, தாமா என்று ஆராயத் தொடங்கினார். மட்டைத் தலையின் எடையெல்லாம் நடுவில் குவிந்திருந்தால், பந்து சற்று ஓரத்தில் பட்டாலும் தலை திரும்பிவிடுகிறது. எடையை ஓரங்களுக்கு ஒதுக்கிவிட்டால் தலை அவ்வளவாகத் திரும்புவதில்லை என்று கண்டார். 'பிங்' என்ற பெயரில் அவர் தொடங்கிய தொழில் இவ்விதமே வளர்ந்தது. பின்புறம் குடைந்து எடையை விளிம்புகளில் வைத்த இரும்பு மட்டைகளை இன்று எல்லாக் கம்பெனிகளும் செய்கின்றன. புதிதாகக் கற்கும் பெண்மணிக்கு இந்தக் குடைந்த தலையே ஏற்றது. அடிப்பாகம் அகலமாகவும் எடை கீழ்ப்பக்கத்திலும் இருந்தால் பந்து எளிதில் மேலே எழும்பும். மட்டையும் மண்ணைத் தோண்டாமல் வழுக்கிச் செல்லும். மெல்லிய வாள் போன்ற தலை பார்வைக்கு அழகுதான். ஆனால் அது தேர்ந்த கைகளுக்கு உரியது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பெண் வீராங்கனைகள் ஆடும் பந்தயத்துக்கு, 1990-ல் அது தொடங்கியது முதல், ஸோல்ஹைம் கோப்பை என்றே பெயர்.

நான்காவது, முகத்தின் சாய்வு. ஏழாம் எண்ணுக்கு முன்னாட்களில் 35 டிகிரிக்கு மேலும் சாய்வு இருந்தது. "எங்கள் ஏழாம் எண் மற்றவர்களுடையதைவிடத் தூரம் போகும்" என்று பெருமை பேசுவதற்காகச் சிலர் அதை 30-க்கும் கீழே குறைத்துவிட்டார்கள். பழைய ஐந்தாம் எண்ணின் மேலே '7' என்று பொறித்த கதைதான்! வேகமாக வீசுகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. மெதுவாக வீசுகிறவருக்கோ பந்து உயர எழாமல் தாழ்வாகவே போகும். ஆகவே எண்ணைப் பார்க்காமல் டிகிரியைக் கேளுங்கள்.

ஐந்தாவது, கிடை. மட்டையைப் பந்தின் பின்னே வைத்தால் அடிப்பாகம் தரையில் சமமாகப் படிய வேண்டும். தண்டு மிகவும் நிமிர்ந்திருந்தால் தலையின் நுனி மேலே தூக்கிக்கொள்ளும்; வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் போகும். தண்டு மிகவும் சாய்ந்திருந்தால் நுனி தரையில் உரசும். பந்து வலப்பக்கம் போகும். குள்ளமான பெண்மணி நீளமான மட்டையைப் பிடித்தால் நுனி தூக்கியே நிற்கும். அவள் எவ்வளவு நேராக அடித்தாலும் பந்து இடப்பக்கம் போய்க்கொண்டேயிருக்கும். கற்றுக்கொடுப்பவர் அவளுடைய தோளைத் திருத்துவார், காலைத் திருத்துவார். திருத்தவேண்டியதோ மட்டையின் இரண்டு டிகிரி! மிருதுவான எஃகினால் அடித்துச் செய்த தலைகளைத் தக்க கருவியில் வைத்து இவ்வளவு வளைத்துக்கொள்ள முடியும்.

ஆறாவது, பிடி. மட்டையைப் பற்றும்போது இடக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையின் சதையை இலேசாகத் தொட வேண்டும். தொடாமல் இடைவெளி இருந்தால் பிடி பருமன். விரல்கள் உள்ளங்கையில் அழுந்தினால் பிடி மெல்லியது. பருமனான பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் மணிக்கட்டு கட்டுண்டுபோகும். பிடியை மாற்றுவது சிறு செலவு. ஆனால் பலன் பெரிது.

எத்தனை மட்டை வேண்டும்?

முழு வரிசையும் வாங்கினால்தான் ஆட்டம் வரும் என்று கடைக்காரர் சொல்வார். அவர் பிழைப்பு அது. வேகம் குறைந்தவர் அடிக்கும்போது ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் உள்ள தூர வித்தியாசம் குறுகிப்போகிறது. ஐந்தாம் எண்ணால் அடித்த பந்தும் ஆறாம் எண்ணால் அடித்த பந்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து கிடந்தால், இரண்டுக்கும் பணம் கொடுப்பானேன்? ஏழாம் எண், ஒன்பதாம் எண், மணல் குழியிலிருந்து எடுக்க ஒரு மட்டை, இவற்றுடன் ஓர் உருட்டு மட்டையும் தூரம் அடிக்கும் இரண்டு மட்டைகளும் இருந்தால் தாராளமாக ஆட்டத்தைத் தொடங்கலாம்.

மூன்றாம், நான்காம் எண் இரும்பு மட்டைகளைப் பெண்கள் வாங்கவே வேண்டியதில்லை என்று சொல்லலாம். பலருக்கு ஐந்தாம் எண்ணும் தேவையில்லை. அவற்றின் இடத்தில் 'ஹைப்ரிட்' என்னும் கலப்பு மட்டை வந்துவிட்டது. மரமட்டையின் உருண்டை முதுகும் இரும்பு மட்டையின் நீளமும் சேர்ந்த அது, பந்தைச் சிரமமின்றி மேலே எழுப்பும். இது பலவீனர்களின் ஆயுதம் என்று யாராவது சிரித்தால், அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுவோம்.

2021-ல் ஜப்பானில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில் நான்காவதாக வந்தார். மூன்றாம் பரிசுக்கும் அவருக்கும் இடையே ஒரே ஓர் அடிதான் வித்தியாசம். தேசமெல்லாம் அதிகாலையில் விழித்து, தாங்கள் முன்பின் அறியாத ஓர் ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்தது. அவருடைய மட்டைப் பையைச் சுமந்தவர் அவருடைய அன்னையார். நெடுந்தூரம் அடிப்பவர்களில் ஒருவரல்ல அதிதி. மற்றவர்கள் குட்டையான இரும்பு மட்டையை எடுக்கும் இடத்தில், அவர் கலப்பு மட்டையை எடுத்து அடித்துவிட்டு, பசுந்தரையில் உருட்டும் திறமையால் ஈடு செய்தார். தம் வேகம் இவ்வளவு என்று அறிந்து அதற்கேற்ற கருவியைக் கையில் எடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? அந்தப் பந்தயம் நடந்த காஸுமிகஸேகி சங்கத்தில் 2017 வரையில் பெண்களுக்கு முழு அங்கத்தினர் உரிமை இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட்டு வைக்கிறோம்.

கடையில் செய்யவேண்டியது

மட்டையைக் கையில் எடுத்துக் காற்றில் இரண்டு முறை வீசிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பது கூடாது. ஏழாம் எண் மட்டையால் குறைந்தது பத்துப் பந்துகளாவது அடித்துப் பார்க்க வேண்டும். அவற்றில் மிக நன்றாகப் போன ஒன்றை மறந்துவிடுங்கள். அது மட்டையின் குணமல்ல, அதிர்ஷ்டம். மிக மோசமாய்ப் போனதையும் தள்ளிவிடுங்கள். மிச்சமுள்ள எட்டும் எப்படிப் போயின என்பதே கேள்வி.

முகத்தில் பந்து எங்கே படுகிறது என்று அறிய, நாம் முகத்துக்குப் போட்டுக்கொள்ளும் பவுடரையே மட்டையின் முகத்திலும் சிறிது பூசலாம். பந்து பட்ட தடம் தெளிவாகத் தெரியும். தடம் நடுவிலே திரும்பத் திரும்ப விழுந்தால் நீளம் சரி. கிடையை அறிய, அடிப்பாகத்தில் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டி, பலகையின் மேல் வைத்த பந்தை அடிக்க வேண்டும். உராய்ந்த குறி தண்டின் பக்கமாயிருந்தால் மட்டை மிக நிமிர்ந்தது. நுனிப்பக்கமாயிருந்தால் மிகச் சாய்ந்தது.

பழைய மட்டை வாங்குவதில் தவறொன்றும் இல்லை. இரும்புத் தலை எளிதில் கெடுவதில்லை. முகத்திலுள்ள கோடுகள் தேய்ந்துவிட்டனவா, கரிநார்த் தண்டில் கீறல் இருக்கிறதா, எல்லா மட்டைகளும் ஒரே வரிசையைச் சேர்ந்தவைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நன்கு பொருந்திய பழைய மட்டை, பொருந்தாத புது மட்டையைவிட எவ்வளவோ மேல். வளரும் பெண் குழந்தைகளுக்கு வாங்கும்போது, "இரண்டு வருஷம் கழித்துச் சரியாயிருக்கும்" என்று பாவாடை தைப்பது போல் நீளம் விட்டு வாங்கலாகாது. பாவாடையை மடித்துத் தைக்கலாம். நீண்ட மட்டையால் படிந்த கெட்ட பழக்கத்தை மடித்துத் தைக்க முடியாது.

கடைசியாக வர்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரோஜா வர்ணமோ ஊதா வர்ணமோ அவரவர் இஷ்டம். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வர்ணத்தைக் காட்டி விற்க வருகிறவரிடம், "தண்டின் எடை எத்தனை கிராம்? ஏழாம் எண்ணின் சாய்வு எத்தனை டிகிரி? கிடையை எனக்காக மாற்றித் தருவீர்களா?" என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். தெரியாதவரிடம், வர்ணம் மிகவும் அழகாயிருக்கிறது என்று சொல்லி, நமஸ்காரம் செய்துவிட்டு வந்துவிடலாம்.